குருணை மருந்து வாங்கும் முன்

மாசி பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் கோழி காணாமல் போகும் பேச்சாகவே இருக்கிறது. களவாணி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. காலையில் கோழியைத் திறந்துவிடப் போனவர் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டிலிருந்து "நரிதான்" என்று குரல் வந்துவிடும். அடுத்த பேச்சு, "கறியில குருணை மருந்தைத் தடவிக் கண்மாய்க்கரையில போட்டுருங்க, ஒரே ராத்திரியில தீந்துரும்." குருணை மருந்து என்பது வயலில் பூச்சிக்குப் போடும் விஷம். இந்த அடுத்த பேச்சுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது செட்டிநாட்டில், கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர். வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடிக்கும் பெரிய வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு, பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. எங்கள் வீடு ஊர்க்கடைசியில் உள்ள ஓட்டு வீடு. பின்வாசலைத் திறந்தால் வேப்பமரம், மாட்டுக்கொட்டகை, வைக்கோல் படப்பு, அப்புறம் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலங்காடு. அதைத் தாண்டினால் கண்மாய். அப்பத்தா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கோழி இருக்கிறது. எல்லாம் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி. உருவம் சின்னது, முட்டையும் கொஞ்சமாகத்தான் இடும். ஆனால் அடைகாப்பதிலும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேய்ப்பதிலும் அதற்கு ஈடு கிடையாது. காரைக்குடியில் மெஸ் நடத்துகிறவர்கள் நாட்டுக்கோழி கேட்டு வீடு தேடி வருகிறார்கள். உயிர் எடைக்கே கிலோ 400, 500 என்று விலை போகிறது. ஒரு தாய்க்கோழி போனால் அதோடு ஒரு வருஷத்துக் குஞ்சுகளும் போன மாதிரி. ஆகவே கோழி பறிகொடுத்தவர் வயிறு எரிந்து பேசுவது எனக்கு நன்றாகவே புரியும்.

இந்த மாசியில் எங்களுக்கும் ஒன்று போனது. கரும்பொறி நிறத்தில் ஒரு தாய்க்கோழி. அடைக்கென்று வைத்த கூடையை அது ஏறிட்டும் பார்க்காமல், படப்புக்கு அடியில் தானாகக் குழி பறித்து முட்டையிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இடம் மாற்றினால் சில கோழி அடையை விட்டே எழுந்துவிடும் என்பதால் அப்பத்தா அதை அப்படியே விட்டிருந்தார். விடிகாலையில் பால் கறக்கப் போன என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தது. கோழி இல்லை. முட்டை ஒன்றுகூட உடையவில்லை, தொட்டால் சூடு இன்னும் இருந்தது. அப்பத்தா ஒரு வார்த்தை பேசாமல் முட்டைகளை முந்தானையில் வாரிக்கொண்டுபோய், அடையிலிருந்த இன்னொரு கோழிக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். அதில் பாதிக்கு மேல் பொரித்தது.

நான் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். படப்பு ஓரத்தில் ஒரு கைப்பிடி இறகு ஒரே குவியலாகக் கிடந்தது. அங்கேதான் பிடி விழுந்திருக்கிறது. அப்புறம் வேலிவரை பத்தடிக்கு ஓர் இறகு, ஒன்றிரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். இறகுகளை எடுத்துப் பார்த்தால் தண்டு அடியோடு பிடுங்கி வரவில்லை. நடுவில் கத்தரித்தது போல நறுக்கென்று முறிந்திருந்தது. கொட்டகையிலிருந்து தண்ணீர் வழிந்து ஈரமாக இருந்த செம்மண்ணில் கால்தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. நான்கு விரல், நகக் குறி, நீளவாக்கில் ஒடுங்கிய பாதம். முன்னங்காலின் நடு விரல்கள் இரண்டும் அடியில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரே மேடாகப் பதிந்திருந்தன. அதுதான் நரி. நாயின் தடத்தில் அந்த விரல்கள் தனித்தனியாக விழும், பாதமும் அகலமாகப் பரந்திருக்கும். நாய் வளைந்து வளைந்து மோப்பம் பிடித்து நடக்கும். இந்தத் தடமோ நூல் பிடித்தாற்போல நேராக வேலியின் பொந்துக்குப் போயிருந்தது.

"பாத்தியாத்தா, நாஞ் சொன்னேன்ல" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

சரி, எங்கள் கோழியை எடுத்தது நரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அதே மாமா வீட்டுக் கொல்லையில் செத்துக்கிடந்த கோழிகளையும் நான் போய்ப் பார்த்தேன். கொல்லை முழுக்க இறகு. வாழைக்கு அடியில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, வண்டிப்பாதையில் ஒன்று. எதையும் தின்னவில்லை. முதுகிலும் தொடையிலும் கண்டபடி கடி. ஒன்றைக்கூடத் தூக்கிப் போகவில்லை. அது நரி செய்கிற வேலை இல்லை. நரி பசிக்கு வருகிற பிராணி, கிடைத்ததைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்த்தான் தின்னும். துரத்தி விளையாடிக் குதறிப் போட்டுவிட்டுப் போவது நாய். அதுவும் கூட்டமாகச் சேர்ந்த தெருநாய். மாமாவிடம் சொன்னேன். "நாயா? நம்ம தெரு நாயி கோழியத் தொடாதுத்தா" என்றார். பகலில் தொடாதுதான். ராத்திரி நான்கைந்து சேர்ந்துவிட்டால் அதன் குணமே வேறு.

எங்கள் பக்கம் கோழிக்கு இருக்கிற எதிரிகள் கொஞ்சநஞ்சமில்லை. பட்டப்பகலில் வருவது கீரி. அது கழுத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். பெரிய கோழியாக இருந்தால் இழுத்துப்போக முடியாமல் உடலை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். முட்டை தரையில் உடைந்து கிடந்து ஓடும் பக்கத்தில் கிடந்தால் அநேகமாகக் கீரி. ஓடு, மஞ்சள் கரு என்று எந்த அடையாளமும் இல்லாமல் முட்டை காணாமல் போனால் பாம்பு. குஞ்சுகள் ராத்திரியில் ஒவ்வொன்றாகக் குறைந்தால் சுவரோரம் பெருச்சாளி வளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் குஞ்சு போனால் வல்லூறு அல்லது பருந்து, சில நேரம் காக்கைகூட. வல்லூறு தின்ற இடத்தில் இறகு முழுத் தண்டோடு பிடுங்கிக் கிடக்கும். மேலே சொன்ன முறிந்த இறகுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்துப் பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும்.

காட்டுப்பூனையும் கோழியைக் கவ்விக்கொண்டுதான் போகும், நரி மாதிரியே. ஆனால் பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், தடத்தில் நகக் குறி விழாது. இன்னொன்று மரநாய். பேர்தான் நாய், மரமேறுகிற வேறு பிராணி. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் ஓட்டுக்கடியில் அது குடித்தனமே நடத்துகிறது. ராத்திரி சுவர் மேலேயே நடந்து வந்து, கூண்டின் கூரையில் விலகிய ஓடு வழியாக இறங்கும். "கதவு பூட்டினது பூட்டினபடி இருக்கு, கோழி செத்துக் கெடக்கு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் மேலே பார்க்கச் சொல்வேன்.

இத்தனை பேர் செய்கிற வேலைக்கும் பழி நரி தலையில்தான். அதற்கு வைக்கிற விஷத்தில் எதிரியும் சாவதில்லை, கோழியும் மிஞ்சுவதில்லை.

நரி என்று நாங்கள் பொதுவாகச் சொன்னாலும் எங்கள் பக்கம் இரண்டு பிராணிகள் இருக்கின்றன. ஒன்று குள்ளநரி. இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும். வால் நுனி கறுப்பு. பொட்டல் காட்டில் பல வாசல் வைத்து வளை தோண்டி ஜோடியாக இருக்கும். எலி, கரையான், வெட்டுக்கிளி, வயல் நண்டு, பல்லி, ஓணான், இலந்தைப்பழம் என்று எது கிடைத்தாலும் தின்னும். முழு வளர்ச்சி பெற்ற கோழியைத் தூக்குவது அதற்குச் சிரமம், குஞ்சும், இன்னும் முட்டையிடாத வெடைக்கோழியும் எடுக்கும். இன்னொன்று பெரிய நரி, எட்டு பத்துக் கிலோ எடை. அந்தி சாய்ந்ததும் ஒன்று ஊளையிட்டால் கண்மாயின் நாலாபக்கமும் மற்றவை பதில் சொல்லுமே, அது. சிறுவிடைக் கோழி அதற்கு ஒரு வாய்.

குள்ளநரி குட்டி போடுவது மாசியிலிருந்து சித்திரை வரை. வளையில் குட்டி கண் திறந்து கிடக்கும், அப்பனும் ஆத்தாளும் மாறி மாறி இரை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதே நேரத்தில்தான் எங்கள் கோழிகளும் அடையில் இருக்கின்றன. குஞ்சுகள் தத்தித் திரிகின்றன, கண்மாயும் வற்றத் தொடங்கி நண்டும் மீனும் குறைந்துவிடுகின்றன. மாசி, பங்குனியில் கோழி போவதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

கூண்டுக்குள் நரி புகுந்துவிட்டால் மட்டும் கதை வேறு. அப்போது ஒன்றோடு நிற்காது. இருக்கிற எல்லாவற்றையும் கடித்துப் போட்டுவிடும். இதைப் பார்த்தவர்கள் "கொல்றதுக்குன்னே வந்துச்சு" என்று சொல்வார்கள். அப்படி இல்லை. வெளியில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும், வேலை அதோடு முடிந்தது. கூண்டுக்குள் பறந்துபோக வழியில்லை. இருட்டில் கோழிக்குக் கண்ணும் தெரியாது. எல்லாம் கத்திக்கொண்டு சிறகடித்து அதன் வாய்க்கு முன்னாலேயே விழும். எது அசைந்தாலும் கடிப்பது அதன் பிறவிக்குணம். சாவகாசம் கிடைத்தால் மிஞ்சியதை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மண்ணில் புதைத்து வைத்துப் பின்னால் தின்னும். ஆளரவம் கேட்டு ஓடிவிட்டால் செத்த கோழிகள் அங்கேயே கிடக்கும், நாம் அதைப் பார்த்து வீண் கொலை என்கிறோம்.

சின்ன வயதில் அப்பத்தா எங்களை ஆவுடையார்கோவிலுக்குக் கூட்டிப் போகும்போது நரியைப் பரியாக்கிய கதையைச் சொல்வார். பாண்டிய ராசா குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் காட்டு நரிகளையெல்லாம் குதிரையாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். ராத்திரியானதும் அவை மறுபடி நரியாகி, லாயத்தில் கட்டிக்கிடந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு காட்டுக்கு ஓடின. அப்பத்தா இந்த இடத்தில் ஒரு வார்த்தை சேர்ப்பார்: "நரி மேல என்னாத்தா குத்தம்? கட்டிப்போட்ட குருதைக்கு நடுவுல கொண்டாந்து விட்டா அது என்ன செய்யும்?" இன்றைக்கும் நரியைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

இனி விஷம். போன வருஷம் எங்கள் கண்மாய்க்கரையில் யாரோ மருந்து வைத்தார்கள். நரி செத்ததா என்று எனக்குத் தெரியாது. மூன்று மயிலும் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவரின் நாயும் செத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த நாய் வாயில் நுரை தள்ளிக் கால் இழுத்துக்கொண்டு கிடந்தது. பெரியவர் புளியைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார், கோழி முட்டையை உடைத்து ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு அந்த நாய்தான் ராக்காவல். ஆட்டுக்கிடைக்குள் நரி வராமல் காத்தது அது. நரிக்கு வைத்த மருந்து நரியை விரட்டுகிற நாயைக் கொன்றது. செத்த மயிலைத் தின்கிற காக்கைக்கும் கீரிக்கும் அதே மருந்துதான். மழை வந்தால் அத்தனையும் கண்மாய்த் தண்ணீருக்குள். அந்தத் தண்ணீரைத்தான் நம் மாடு குடிக்கிறது.

சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். கறிக்குள் வெடிமருந்தை வைத்து உருட்டிப் போடுவது. கடித்ததும் தாடை சிதறிவிடும். உடனே சாகாது, நாள்கணக்கில் தின்னவும் குடிக்கவும் முடியாமல் கிடந்து சாகும். இதைச் செய்கிறவர்கள் கையில் பிள்ளைக்குட்டி இருக்கிறதே என்று நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. மாடும் பிள்ளைகளும் திரிகிற கரையில் வெடியை உருட்டிப் போடுகிறோம்.

சட்டமும் சும்மா இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் நரி, குள்ளநரி இரண்டுமே பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 2022-இல் வந்த திருத்தத்தில் இரண்டையும் முதல் அட்டவணைக்கே கொண்டுபோய்விட்டார்கள், புலியும் மயிலும் இருக்கிற அட்டவணை. கொன்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சேலம் பக்கம் வாழப்பாடி ஊர்களில் பொங்கலை ஒட்டி நரியைப் பிடித்து வந்து அதன் முகத்தில் விழிக்கிற வழக்கம் உண்டு, கொல்வதுகூட இல்லை, பிறகு விட்டுவிடுவார்கள். அதற்கே வனத்துறை அபராதம் போடுகிறது.

என் தங்கச்சி மெல்போர்னில் இருக்கிறாள். அவளும் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறாள். அங்கேயும் நரிதான் தொல்லை, ஆனால் அது செந்நிற நரி, நம்முடையது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டையாடி விளையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டது. அந்த மண்ணுக்கே உரிய சின்னச் சின்னப் பிராணிகள் பலவற்றை அது தின்று தீர்த்துவிட்டது. அதனால் அங்கே அரசாங்கமே நரிக்கு விஷம் வைக்க அனுமதி கொடுக்கிறது. இதைக் கேட்ட என் மச்சினன், "பாருங்க, வெளிநாட்டுலயே வைக்கிறான்" என்றான். அவனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அங்கே நரி வந்தேறி. இங்கே நமக்கு முன்னால் இந்தக் காட்டில் இருந்தது நரி. நம் வயல் எலியைத் தின்றதும், செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்ததும் அதுதான். மயில் தரையில் முட்டையிடும், நரி அதைத் தேடித் தின்னும். நரி குறைந்ததால்தான் மயில் இப்படிப் பெருகி நிலக்கடலையையும் நெல்லையும் அழிக்கிறது என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் எல்லாரும் சொல்கிறார்கள். அதைச் சொல்கிற அதே வாய் நரிக்கு மருந்து வைக்கவும் சொல்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

தங்கச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு இருக்கிறது. அந்த நாட்டில் நரிக்கு விஷம் வைப்பது நடந்தாலும் அவள் அதை நம்பி இருக்கவில்லை. கூண்டைச் சரியாகக் கட்டியிருக்கிறாள். வெளிச்சம் மங்கியதும் தானாக இறங்கி மூடிக்கொள்ளும் கதவு போட்டிருக்கிறாள்.

எங்கள் அப்பத்தாவின் பழைய கூண்டும் அப்படிப்பட்டதுதான். செம்பூராங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு வைத்துக் கட்டியது, மேலே கடப்பைக்கல், முன்னால் மேலிருந்து சொருகும் ஒரு பனம்பலகைக் கதவு, அதற்கு அண்டக் கொடுக்க ஒரு குழவிக்கல். இத்தனை வருஷத்தில் அதற்குள்ளிருந்து ஒரு கோழியை எந்தப் பிராணியும் எடுத்ததில்லை. கோழி பெருகி அதில் இடம் போதாமல் போனபோது புதிதாக ஒன்று கட்டினோம். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர்தான் செய்து கொடுத்தார். என் அனுபவத்தில் இதில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

கடையில் கோழிவலை என்று கொடுப்பார்கள், ஆறுமூலைக் கண் வைத்த மெல்லிய கம்பி வலை. அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் லாயக்கு. நரி பல்லைக் கொடுத்து இழுத்தால் பிரிந்து வந்துவிடும். வாங்கவேண்டியது வெல்டு மெஷ், கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்த கெட்டி வலை. அரை அங்குலக் கண் இருந்தால் கீரி, பெருச்சாளி, முட்டை விழுங்குகிற அளவுப் பாம்பு எதுவும் நுழையாது. பெரிய கண் வைத்ததை வாங்கினால் உள்ளே படுத்திருக்கும் கோழியின் காலை வெளியிலிருந்தே பிடித்து இழுத்துவிடும். கோழி ஏறி உட்காரும் கம்பை வலையை ஒட்டி வைக்காமல் நடுவில் வைப்பதும் இதனால்தான். தகரம் அடித்து நாலாபக்கமும் அடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்குக் கோழி உள்ளேயே வெந்துவிடும். காற்றுக்கு வலைதான் வேண்டும்.

நரி சுவரடியில்தான் தோண்டும். வலையை நட்டுக்குத்தலாக மண்ணுக்குள் இறக்குவதைவிட, தரை மட்டத்தில் வெளிப்பக்கமாக மடக்கி ஒன்றரை அடிக்கு விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டுவிட்டால் போதும். அது வந்து கூண்டை ஒட்டிப் பிறாண்டும், கம்பி தட்டும், இன்னொரு இடம் போய்ப் பிறாண்டும், அங்கேயும் தட்டும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. எங்கள் கூண்டைச் சுற்றி இப்படிப் பிறாண்டிய அடையாளம் சில நாள் காலையில் இருக்கும், உள்ளே கோழி எல்லாம் இருக்கும். மேலே மூடியும் வலைதான், அதற்கு மேல் மழைக்குக் கூரை. கதவுக்கு வெறும் கொண்டி போதாது. முட்டினால், பிறாண்டினால் நழுவிவிடும். கொண்டியின் துளையில் ஒரு கிளிப்போ ஆணியோ மாட்ட வேண்டும்.

செலவு, எட்டுப் பத்துக் கோழி விற்ற காசு ஆனது. அதிகம்தான். முடியாதவர்கள் கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்தையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூங்கில் பஞ்சாரத்தை வாசலில் கவிழ்த்துவிட்டு மேலே ஒரு செங்கலை வைத்தால் நரி தலையால் முட்டிச் சாய்த்துவிடும். ராத்திரி அதைத் திண்ணைக்கோ கொட்டகைக்குள்ளோ எடுத்து வைத்து, ஆட்டுக்கல் மாதிரி கனமானதைத் தூக்கி வைக்க வேண்டும். அடைக்கோழியை வெளியில் விடவே கூடாது என்று அப்பத்தாவும் இப்போது சொல்லிவிட்டார். அடைக்கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடிக்குக் காவலாக ஒரு இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் வரமிளகாயும் போட்டு, வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைப்பதுதான் அவர் வழக்கம். கரும்பொறிக்கும் அதைத்தான் வைத்திருந்தார், அது தான் பாட்டுக்குப் படப்புக்குப் போனது. இப்போது பொழுது சாயும் முன்னால் படப்பு, வேலியோரம், வண்டிக்கடி எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கதவை அடைக்கிறோம். நரிக்கு வேலை தொடங்குவது அந்தியிலும் விடிகாலையிலும். கோழியை அதற்கு முன்னால் அடைத்து, நன்றாக வெளுத்த பிறகு திறந்தால் பாதிப் பிரச்சினை அப்போதே தீரும்.

இன்னொன்று இருக்கிறது, அதை ஊர்தான் சேர்ந்து செய்ய வேண்டும். கறிக்கடைக் கழிவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்மாய்க்கரை ரோட்டில் போய்ப் பாருங்கள். பிராய்லர் குடல், தலை, கால், இறகு எல்லாம் சாக்குச்சாக்காகக் கொட்டிக் கிடக்கும். தெருநாய் அங்கேதான் பெருகுகிறது. காட்டுக்குள் எலி பிடித்துத் தின்றுகொண்டிருந்த நரியும் அந்த வாடைக்கு ரோட்டுக்கு வருகிறது. கோழி வாடையை நாமே மூக்கில் பழக்கிவிடுகிறோம். கருவேலங்காட்டை வெட்டி பிளாட் போட்டு அதன் வளையையும் மூடுகிறோம். அப்புறம் கொல்லைக்கு வந்துவிட்டது என்கிறோம். கழிவைக் குழி தோண்டிப் புதைத்து மேலே சுண்ணாம்பு போட்டு மூடக் கடைக்காரருக்கு ஒரு மணி நேரம் ஆகுமா? ஊராட்சியில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிராம சபையிலும் கேட்கப் போகிறேன்.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கத்தில்தான் வேட்டங்குடியும் கொள்ளுக்குடிப்பட்டியும் இருக்கின்றன. கண்மாயில் வந்து கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடுமே என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் ஊர்க்கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. நம் மாவட்டத்து மக்கள்தான் அவர்களும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பட்டப்பகலில் ஒரு நரி ஆளைப் பார்த்தும் ஓடாமல் தள்ளாடிக்கொண்டோ எதிர்த்துக்கொண்டோ வந்தால் கிட்டே போகாதீர்கள், கம்பெடுத்து அடிக்கவும் போகாதீர்கள். நாய்க்கு வரும் வெறிநோய் நரிக்கும் வரும். வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்கடிக்குப் போடும் ஊசிதான், காசில்லாமல் போடுவார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். வெங்காயம் வைத்துக் கட்டுவது, மந்திரிப்பது என்று ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது. நரியோடு சண்டை போட்ட நாய், கடிபட்ட ஆடு, மாட்டையும் கால்நடை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு மாமா போன வாரம் வந்து எங்கள் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெளியே விரித்திருக்கும் வலையைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதுக்கு எத்தனை கிலோ கம்பித்தா ஆச்சு?" என்று கேட்டார். அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பட்டறை அண்ணனிடமும் பேசிவிட்டேன், இரண்டு மூன்று வீடு சேர்ந்து சொன்னால் வலையை மொத்தமாகக் காரைக்குடியில் எடுத்துக் கூலியைக் குறைத்துச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது கோழி போயிருந்தால், பூச்சிமருந்துக் கடைக்குப் போகும் முன்னால் கொல்லையைக் கூட்டிப் பெருக்காமல் அப்படியே வைத்துவிட்டு எனக்கு ஒரு ஆள் விடுங்கள். வந்து தடத்தைப் பார்த்துச் சொல்கிறேன். கூண்டின் அளவுத் தாளும் கொண்டு வருகிறேன்.